எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

1. "சரியா, பாய்?"

குழந்தை பிறந்து ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் ஷூ ஃபேக்டரிக்குள் நுழைந்த முதல் நாள், ஒரே பேட்டர்னை ஒன்பது தடவை அளந்தேன். எண்ணியது நான் இல்லை, எங்கள் சாம்பிள் ரூம் இன்சார்ஜ் நிஜாம் பாய்.

"இன்னாம்மா, அளந்துகினே இருந்தா லெதர் வளந்துடுமா?" என்றார்.

பக்கத்து மெஷினில் இருந்த ரஜியா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் பத்தாவது தடவை அளந்தேன்.

ஆம்பூர் பக்கத்து ஃபேக்டரிகளில் புதிதாகச் சாம்பிள் ரூமுக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நான் செய்த தப்பு புரியும். புது மாடல் ஷூவை முதலில் செய்து பார்க்கும் இடம்தான் சாம்பிள் ரூம். லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டை. ஷூவின் மேல்பாகமான அப்பரை அதன் மேல் இறுக்கமாக இழுத்து, ஓரத்தில் மிச்சம் விட்டிருக்கும் தோலை அடியில் மடித்து ஒட்ட வேண்டும். அதுதான் லாஸ்டிங். இழுத்து முடித்த அப்பரில் ஒரு சின்னச் சுருக்கம் தெரிந்தாலும் ரிஜெக்ட். அந்த அப்பருக்கு அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பதுதான் பேட்டர்ன் மேக்கரான என் வேலை. வெட்டி முடித்ததும் அட்டையின் மூலையில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கட்டிங் செக்‌ஷனுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு தப்பு என்றால் தோல் வீண்.

அந்தக் கையெழுத்துதான் எனக்கு வரவில்லை. வேலூரில் டிப்ளமோ முடித்தவள், குழந்தை பிறப்பதற்கு முன்னால் மூன்று வருடம் இதே வேலையைச் செய்தவள். ஆனாலும் பேனாவை எடுத்ததும் கை நின்றுவிடும். ரஜியாவிடம் காட்டுவேன். அவள் சரி என்பாள். நிஜாம் பாயிடம் கொண்டுபோவேன். அவரும் சரி என்பார். திரும்பி வந்து, அவர் அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைப்பேன்.

வீட்டிலும் இப்படித்தான். பள்ளி வேனில் மகள் யாழினியை ஏற்றிவிட்ட பிறகு, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகினோமா என்று யோசித்துக்கொண்டே ஃபேக்டரி வரைக்கும் போவேன்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த நிஜாம் பாய் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஒன் வேல சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நீ எதையும் முடிக்க மாட்டேன்ற. எல்லாத்தையும் என் கைல குடுத்துட்டு 'சரியா பாய், சரியா பாய்'ன்ற. சரின்னு சொல்றதுக்குத்தாம்மா ஒனக்கு சம்பளம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஸ்டிச்சிங் லைன்ல ஆள் கம்மியா இருக்குன்னு கேட்டுகினு இருக்காங்க. ஒன்ன அனுப்பறதா வேணாமான்னு யோசிக்கறேன்."

லைனுக்குப் போனால் ஓவர்டைம் உண்டு. சாயங்காலம் பள்ளி வேன் வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்க முடியாது. அதைவிட, பேட்டர்ன்தான் நான் ஆசைப்பட்டுப் படித்தது. ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்ததே அதற்காகத்தான்.

"ஒண்ணு பண்ணு. ஆயுத பூஜைக்கு நம்ம செக்‌ஷன் சார்பா என்னமாச்சும் செய்யணும். அது ஒன் பொறுப்பு. இன்னா செய்யறேன்னு என்னக் கேக்காத, ரஜியாவக் கேக்காத, யாரையும் கேக்காத. நீயே முடிவு பண்ணி, நீயே முடிச்சிக் காட்டு. அப்பறம் பாக்கலாம், நீ இங்கயா லைனான்னு."

"சரி பாய்" என்றேன். பிறகு, "எந்த மாதிரி பாய்?" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

2. பலூனும் பழைய சிடியும்

எங்கள் ஃபேக்டரியில் ஆயுத பூஜை என்றால் ஒவ்வொரு செக்‌ஷனும் ஏதாவது செய்து வைக்கும். வீட்டுக்காரர்களும் குழந்தைகளும் வந்து பார்ப்பார்கள். போன வருடம் லாஸ்டிங் செக்‌ஷன் ஆள் உயரத்துக்குத் தெர்மக்கோலில் ஷூ செய்து சீரியல் லைட் போட்டதாம். சாம்பிள் ரூம் நாலு பலூன் கட்டியதாம். அதை லாஸ்டிங்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒரு வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் சரியில்லை என்று நானே அடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாழினி பள்ளியில் செய்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய சிடியின் நடு ஓட்டையில் பாட்டில் மூடியை ஒட்டி, மூடியில் துளை போட்டு, ஊதின பலூனை மாட்டியிருந்தாள். பலூன் காற்று சிடிக்கு அடியில் போனது. சிடி மேஜையைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விழுந்தது.

"அம்மா, இது தரையத் தொடவே இல்ல!" என்றாள்.

எனக்கு எங்கள் பூஜை நடக்கும் ஃபினிஷிங் ஹால் ஞாபகம் வந்தது. அந்தத் தரை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். சாம்பிள் ரூமில் செய்த ஷூ ஒன்று, தரையைத் தொடாத ஒரு வண்டியில் ஏறி, யாரும் தள்ளாமல் ஹால் முழுக்கப் போய் பூஜை மேடைக்கு முன்னால் நின்றால்?

அதற்கு ஹோவர்கிராஃப்ட் என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். ஷூ படித்தவளுக்கு அதைச் செய்ய வருமா என்பதுதான் தெரியாது.

என் வீட்டுக்காரர் சரவணன் பஜாரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னேன்.

"ஆனா உங்களக் கேக்கக் கூடாது. பாய் யாரையும் கேக்கக் கூடாதுன்னார்."

"பாய்க்கு நான் சால்டரிங் பண்ணுவேன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சால்டரிங் மட்டும் பண்றேன். வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் ஏதாவது தப்பாகச் செய்தால் அவர் புருவம் ஏறிவிடும். அந்தப் புருவத்தைப் பார்த்து நான் மாற்றிவிடுவேன். இது ஏமாற்று என்று எனக்கே பட்டதால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சால்டரிங் செய்யச் சொன்னேன். பாவம், அதையும் செய்தார்.

3. குப்பைக் கவர்

ரிமோட், விசிறியோடு இரண்டு ட்ரோன் மோட்டார், பேட்டரி, சுக்கானைத் திருப்ப ஒரு சின்ன சர்வோ, இவற்றை ஆன்லைனில் வாங்கினேன். உடம்புக்கு ஃப்ளெக்ஸ் போர்டு கடையில் சன்போர்டு என்கிற லேசான ஃபோம் அட்டை வாங்கி, இரண்டு தட்டாக ஒட்டி, இரண்டடி நீளத்தில் ஒரு படகு மாதிரி வெட்டினேன். ஒரு மோட்டார் நடுவில் படுத்து காற்றைக் கீழே தள்ளும். இன்னொன்று பின்னால் நின்று வண்டியை முன்னால் தள்ளும்.

முக்கியமானது அடியில் இருக்கும் ஸ்கர்ட். வண்டியின் விளிம்பைச் சுற்றி ஒரு துணிப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் காற்று அந்தப் பையை நிரப்பும். பை உப்பி வண்டியைத் தூக்கும். மிச்சக் காற்று பைக்கு உள்பக்கம் இருக்கும் ஓட்டைகள் வழியாக அடியில் போய்த் தரையோரமாகக் கசியும். கசியும் அந்தக் காற்றின் மேல்தான் வண்டி வழுக்கும்.

வண்டி ஓடுவதற்கு முன்பே பாதுகாப்பு வேலைகள் ஆரம்பித்துவிட்டன. சுற்றும் விசிறியில் யாழினி விரலை விட்டுவிடுவாளோ என்று பயம். காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து ஒரு மோட்டாருக்கு மூடி போட்டேன். இன்னொரு கூடையை அறுத்துப் பின் மோட்டாருக்குக் கூண்டு செய்தேன். இந்த வகை பேட்டரி சில நேரம் தீப்பிடிக்கும் என்று படித்ததால், மணல் நிரப்பிய வாளியில் வைத்து பால்கனியில் சார்ஜ் போட்டேன். அது முடியும் வரை எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பேட்டரிக்குக் காவலா, பேட்டரிகிட்டேர்ந்து எங்களுக்குக் காவலா?" என்றார் சரவணன். அதுவரை பேசாமல் இருந்த மனிதர்.

தோல் ஊர்க்காரி இல்லையா, முதல் ஸ்கர்ட்டைத் தோலில் செய்தேன். மெல்லிய ஆட்டுத்தோல் லைனிங். கைக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. மோட்டாரைப் போட்டேன். வண்டி அடை காக்கும் கோழி மாதிரி முனகிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஸ்கர்ட் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட அதிக கனம்.

வெறுத்துப்போய், சோதனைக்காக ஒரு கறுப்புக் குப்பைக் கவரை வெட்டி ஒட்டினேன். அளவெல்லாம் பார்க்கவில்லை. தொளதொளவென்று தொங்கியது. அங்கங்கே செலோ டேப். பார்க்க அசிங்கம்.

மோட்டாரைப் போட்டதும் கவர் படபடவென்று அடித்துக்கொண்டு உப்பியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, எழுந்தது. பின் மோட்டாரைத் தொட்டேன், அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் போய், அந்தப் பக்கம் வெளியே வந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறையில் வெங்காயக் கூடையில் முட்டி நின்றது. யாழினி சோஃபா மேல் ஏறிக் குதித்தாள்.

"குப்பத் தொட்டி பறக்குது!" என்று சரவணன் கத்தினார்.

அன்று சமையல் நடக்கவில்லை. மூன்று பேரும் மாற்றி மாற்றி ஓட்டினோம். வண்டி இடது பக்கமே இழுத்தது. சுக்கானைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்து வைத்தேன், நேராகப் போனது. அதை நான் யாரையும் கேட்கவில்லை, யாருடைய புருவத்தையும் பார்க்கவில்லை. எனக்கே அது மறுநாள்தான் உறைத்தது.

4. ஒரு சுருக்கம் இல்லை

பூஜைக்குக் குப்பைக் கவரோடு போக முடியாது. அதுவும் சாம்பிள் ரூம் பெயரில். சாம்பிள் ரூம் மூலையில் மிச்சம் கிடந்த சிவப்பு நைலான் லைனிங் துணியை எடுத்தேன். காற்றுப் போகாத துணி, கனமே இல்லை.

இந்த முறை முறைப்படி செய்தேன். லாஸ்ட்டுக்குச் செய்வது போலவே வண்டியின் விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, டேப்பை உரித்து அட்டையில் விரித்து பேட்டர்ன் எடுத்தேன். மூலைகளுக்குத் தனி அளவு. அடியில் மடித்து ஒட்ட, பயந்த சுபாவத்தால், வேண்டியதை விட இரண்டு மடங்கு மிச்சம் விட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் வண்டியை ஃபேக்டரிக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் ரஜியா துணியைத் தைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்து, அப்பரை லாஸ்ட்டில் இழுப்பது போல இழுத்து இழுத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். எங்கள் ஒட்டுப் பசையை அப்படித்தான் சொல்வோம். மிச்சத் துணி அத்தனையும் அடியில் மடிந்து போய்விட்டது.

முடித்தபோது அது பொம்மை மாதிரியே இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சாமான் மாதிரி இருந்தது. ரஜியா வாயில் கை வைத்தாள். நிஜாம் பாய் வந்தார். இது என்ன என்று அவரும் கேட்கவில்லை. கட்டை விரலால் விளிம்பு முழுக்க ஒரு தடவு தடவினார்.

"ஒரு சுருக்கம் இல்ல" என்றார்.

அவர் வாயில் அதுதான் பெரிய பாராட்டு.

அந்த நேரத்தில் மனசுக்குள் சின்னதாக ஒரு கேள்வி வந்தது. குப்பைக் கவர் தொங்கிக்கொண்டிருந்ததே, இது இவ்வளவு இறுக்கமாக இருக்கிறதே, காற்று எங்கே போய் உப்பும்? சாதாரணமாக இருந்தால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டியிருப்பேன். அன்றைக்கு என்னை நானே அதட்டினேன். போதும், எல்லாவற்றையும் சந்தேகப்படாதே, ஒரு தடவையாவது முடி. பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஓட்டிப் பார்க்காமலேயே முடித்துவிட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் கத்தி, கத்தரி, சுத்தியல், ப்ரஷ் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை மேடையில் அடுக்கினார்கள். மெஷின்களுக்கு மாலை போட்டு சுவிட்சை அணைத்தார்கள். இனி விஜயதசமி காலை வரை ஒரு கருவியையும் யாரும் தொடமாட்டார்கள்.

5. சொல்யூஷன் ஆயுதமா?

மறுநாள் காலை பூஜை ஆரம்பிக்கும் முன் ஹாலின் ஓரத்தில் வண்டியை வைத்து மோட்டாரைப் போட்டேன். வண்டி எழவில்லை.

வேகத்தைக் கூட்டினேன். சத்தம் கூடியது. சிவப்பு நைலான் டிரம் மாதிரி விறைத்ததே தவிர ஒரு நூல்கூட உப்பவில்லை. பின் மோட்டார் தள்ளியது. வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு முழம் போய் நின்றது.

லாஸ்டிங்காரர்கள் இந்த வருடம் கப்பல் அளவுக்கு ஒரு பூட் செய்திருந்தார்கள். அதன் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சாம்பிள் ரூம், மிக்ஸியா? சட்னி அரைக்கறீங்களா?"

சரவணனும் யாழினியும் வந்து நின்றிருந்தார்கள். யாழினி அதற்குள் பத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்து, "எங்கம்மா வண்டி தரையத் தொடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தப்பு எது என்று உடனே தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. நேற்றே தெரியும். அப்பருக்குள் பிளாஸ்டிக் கட்டை இருக்கிறது, அதன்மேல் இழுக்கலாம். இதற்குள் இருப்பது காற்று. காற்றுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். ஷூவில் எதை ரிஜெக்ட் என்போமோ, அந்தச் சுருக்கம்தான் இதற்கு வேண்டும்.

இரண்டு மடங்கு மிச்சம் விட்டிருந்தேன் இல்லையா, அது அடியில் மடிந்து அப்படியே இருந்தது. ஒட்டியதை உரித்து, மிச்சத்தை வெளியே விட்டு, நுனியில் மட்டும் திரும்ப ஒட்டினால் போதும். மூலைத் தையலைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். கத்தரி இருந்தால் நொடியில் ஆகும். கத்தரி மேடையில் குங்குமத்தோடு இருந்தது.

"நா எடுத்துத் தர்றேன்க்கா" என்றாள் ரஜியா. "எனக்குப் பூஜை இல்லயே."

"ஒனக்கு இல்ல, கத்தரிக்கு இருக்கு" என்று பின்னாலிருந்து நிஜாம் பாய் குரல் வந்தது. "வருஷம் பூரா வெட்டுது. ஒரு நாள் தூங்குது. எழுப்பாத."

நான் அவரைப் பார்த்தேன். "பாய், இப்ப என்ன—" என்று ஆரம்பித்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். கேட்கக் கூடாது என்பது ஞாபகம் வந்தது.

புடவைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். அதன் முனையால் மூலைத் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பல்லால் கடித்தேன். காய்ந்த சொல்யூஷன் சூடு பட்டால் இளகும். ஆனால் சூடுகாட்டும் கன் மேடையில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் டீ வந்தது.

"யாரும் டீயக் குடிக்காதீங்க!" என்று கத்தினேன்.

வண்டியைக் கவிழ்த்து, சூடான எவர்சில்வர் டம்ளர்களை ஒட்டிய இடத்தில் வைத்து வைத்து எடுத்தோம். ஒரு டம்ளர் ஆறினால் அடுத்தது. ரஜியா டம்ளர் பிடிக்க, நான் நகத்தால் உரித்துக்கொண்டே போனேன். சரவணன் கொதிக்கும் டம்ளர்களைக் கர்சீப்பில் பிடித்து ஓடி ஓடிக் கொடுத்தார். லாஸ்டிங்காரர்களும் வந்துவிட்டார்கள். போட்டி மறந்து, "இந்தா சூடா ஒண்ணு" என்று தங்கள் டீயை நீட்டினார்கள். ஒருவர் மட்டும், "அக்கா, அந்த டீயக் குடிக்கலாமா, இல்ல அதுவும் ஷோல சேருமா?" என்றார்.

உரித்தாயிற்று. திரும்ப ஒட்ட வேண்டும். சொல்யூஷன் டப்பா அலமாரியில் இருந்தது.

"சொல்யூஷன் ஆயுதமாச்சே?" என்றார் லாஸ்டிங்காரர் ஒருவர்.

"அது எப்டி ஆயுதமாவும்? அது சரக்கு."

"ப்ரஷ்ஷு ஆயுதம்."

"அப்ப டப்பா?"

பெரிய விவாதமாகிவிட்டது. எல்லாரும் நிஜாம் பாயைப் பார்த்தார்கள். இந்துக்கள் நாலு பேருக்கு ஆயுத பூஜைச் சட்டம் சொல்ல ஒரு பாய். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? வண்டி யாருதோ அவங்களக் கேளுங்க" என்றார்.

பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின.

"டப்பா சரக்கு. ப்ரஷ் ஆயுதம். விரல் என்னுது" என்றேன்.

விரலால் தொட்டுத் தொட்டுப் பூசினேன். இரண்டு பக்கமும் பூசி, கொஞ்சம் காய விட்டு, பிறகு அழுத்த வேண்டும். அதுவரை பூஜைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாழினி, "ஊதட்டுமா அம்மா?" என்று குனிந்தாள். அந்த வாசனை அவளுக்கு ஆகாது என்று தூரத்தில் நிற்க வைத்தேன். தூரத்திலிருந்தே கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள்.

ஒட்டி முடித்தபோது என் அழகான சிவப்பு ஸ்கர்ட் பழைய தலையணை உறை மாதிரி தொங்கியது. சுருக்கம் இல்லாத இடமே இல்லை. நிஜாம் பாய் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருடம் சுருக்கம் பார்த்த கண், தாங்காது.

6. பழம்

கற்பூரம் காட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்த பிறகு எங்கள் முறை வந்தது. வண்டியின் மேல் எங்கள் புது சாம்பிள் ஷூ ஒன்றை வைத்துக் கட்டினேன். ரிமோட்டை எடுத்தேன்.

"நில்லும்மா, நில்லு!"

கம்பெனி வேன் ஓட்டும் எத்திராஜ் அண்ணன். வெளியே வேன்களுக்கெல்லாம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, மிச்சப் பழத்தோடு உள்ளே வந்திருந்தார்.

"புது வண்டி. பழம் வெக்காம எடுக்கலாமா?"

"இதுக்குச் சக்கரம் இல்லண்ணா."

அவர் குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். "அட ஆமா. அப்ப எதால நசுக்கறது?"

பழம் வைக்காமல் ஒரு வண்டி கிளம்புவது யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான். நானே ஸ்கூட்டிக்கு ஒவ்வொரு வருடமும் வைக்கிறவள்.

பழத்தின் மேல் ஏறினால் புதிதாக ஒட்டிய இடம் பிய்ந்துகொள்ளலாம். பழத்தில் சிக்கி நின்றால் அபசகுனம் என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் எல்லாருக்கும் மனக்குறை. நிஜாம் பாயைத் தேடினேன். அவர் மின்விசிறியில் என்ன இருக்கிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மோட்டாரை மட்டும் போட்டேன். தொங்கிய துணி சிலிர்த்து, புரண்டு, உப்பி, வண்டியைத் தூக்கியது. ஹால் முழுக்க "ஓ" என்றது. நான் அதைக் கேட்கவில்லை. தரைக்கும் சன்போர்டுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று வைத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். முழுப் பழம் போகாது. பூஜைத் தட்டில் குங்குமம் தடவி வைத்திருந்த பாதிப் பழம் போகும், துணி வளைந்து கொடுத்தால்.

"வைங்கண்ணா. ஆனா பாதிப் பழம். வெட்டுன பக்கம் கீழ."

அவர் ஹாலின் நடுவில் வைத்தார். நான் ரிமோட்டைத் தள்ளினேன்.

வண்டி தரை மேல் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஷூ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பழத்துக்கு நேராக வந்தது. முன்பக்கத் துணி பழத்தைத் தொட்டு மடங்கியது. வண்டியின் மூக்கு லேசாக ஆடியது. பழம் காணாமல் போனது. பிறகு பின்பக்கத்தில், தண்ணீரிலிருந்து தலை தூக்குவது போல, பழம் வெளியே வந்தது. நசுங்காமல், மேலே தடவிய குங்குமம்கூட அழியாமல்.

வண்டி மேடைக்கு முன்னால் போய் நின்றது. நான் மோட்டாரை அணைத்தேன். அது பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

எல்லாரும் பழத்தைப் பார்த்தார்கள். எத்திராஜ் அண்ணன் முகம் சுருங்கியது. "நசுங்கலயே" என்றார்.

யாழினி ஓடிப்போய்ப் பழத்தைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு வலிக்கவே இல்ல!" என்றாள்.

அவ்வளவுதான். லாஸ்டிங் பக்கமிருந்து ஆரம்பித்த சிரிப்பும் விசிலும் ஹால் முழுக்கப் பரவின. "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" பழத்தைத் திரும்ப வைத்தார்கள். ஓட்டினேன். நசுங்கவில்லை. ரஜியா ஓட்டினாள். நசுங்கவில்லை. லாஸ்டிங்காரர் ஒருவர் ஓட்டி, அவர்களுடைய பூட்டிலேயே முட்டினார். எத்திராஜ் அண்ணன் இருபது வருடம் வண்டி ஓட்டியவர், ரிமோட்டை வாங்கி நேராகக் குறி பார்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்தார். பழம் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது.

கடைசியில் மனசு கேட்காமல், செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து தானே மிதித்து நசுக்கினார்.

"இப்ப எடும்மா வண்டிய" என்றார்.

7. மறுநாள்

விஜயதசமி அன்று எங்களுக்கு அரை நாள் வேலை. மேடையிலிருந்து கருவிகளை எடுத்து, ஆளுக்கு ஒரு வேலை ஆரம்பித்து வைப்போம். நான் போனபோது என் மேஜையில் ஒரு புது லாஸ்ட் இருந்தது. பக்கத்தில் நான் போன வாரம் வெட்டிய பேட்டர்ன் அட்டை. அதன் மேல், கைப்பிடியில் சந்தனம் அழியாமல், என் கத்தி.

நிஜாம் பாய் வந்து நின்றார்.

"கட்டிங்ல காத்துகினு இருக்காங்க. ரிலீஸ் பண்ணிடு."

"பாய், அப்ப லைனு?"

"லைன்ல இன்னா?" என்றார். "லைன்ல ஆள் போட்டாச்சு."

"பாய், நீங்க ஒரு தடவ இதப் பாத்துட்டு—"

"டீ குடிக்கப் போறேன். நேத்து எனக்கு டீ கெடைக்கல, எல்லாத்தையும் நீ வாங்கிகின" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். சந்தேகப்படாதே என்று உங்களுக்கும் சொல்வார்கள். அப்படிச் சொல்லமாட்டேன். நான் அடக்கி வைத்த ஒரே ஒரு சந்தேகம்தான் சரியான சந்தேகமாக இருந்தது. வண்டியை அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருந்தால் பத்துப் பேர் டீ தப்பித்திருக்கும். பயந்து விட்ட இரண்டு மடங்கு மிச்சம்தான் என்னைக் காப்பாற்றியது. சந்தேகம் வந்தால் சும்மா சுமக்காதீர்கள், யாரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள். கையை வைத்து அளந்து பாருங்கள். பதில் வந்ததும் ஸ்கேலைக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் அட்டையை அளந்தேன். இன்னொரு தடவை அளந்தேன். மூன்றாவது தடவைக்கு ஸ்கேலை எடுத்தேன். ரஜியா தையலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேலை வைத்துவிட்டு, மூலையில் கையெழுத்துப் போட்டேன்.